மனித உரிமைத் தாளில் சித்திரவதை மெமோ கேள்வியை எடுக்கப் போகிறவர்களுக்கு

எல்.எல்.எம். முடிவு வந்துவிட்டது. மற்ற தாள்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைக் கரையேற்றியது மனித உரிமைத் தாள், அதிலும் குறிப்பாக எல்லோரும் ஒதுக்கிவிட்டுப் போன அமெரிக்க மெமோ கேள்வி. கைதிகளிடம் எந்தக் கடுமையான விசாரணை முறைகள் சட்டப்படி செல்லும் என்று புஷ் ஆட்சியில் அமெரிக்க நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் எழுதிய குறிப்புகள்தான் இந்த மெமோக்கள்.

கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்கள் இதை அபு கிரைப் என்ற தலைப்பில் ஒரு பத்தியோடு முடித்துவிடுகின்றன. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளை வதைத்த படங்கள் வெளியானது 2004 ஏப்ரலில். முதல் மெமோவில் அந்த அலுவலகத்தின் தலைவர் ஜே பைபீ கையெழுத்திட்டது 2002 ஆகஸ்ட் 1 அன்று. இந்த வரிசையைத் தலைகீழாக எழுதியவர்கள் என் வகுப்பிலேயே பலர்.

நான் செய்தது ஒன்றுதான். மெமோவின் மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எது இல்லை என்று தேடினேன். ஐம்பது பக்கம்தான், பயப்படாதீர்கள். போர்க்காலத்தில் அதிபரின் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கட்டுப்படுத்த முடியாது என்று வாதிடும் பகுதியில் 1952 யங்ஸ்டவுன் வழக்கு எங்குமே வராது. கொரியப் போரின்போது ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியது செல்லாது என்று தீர்ப்பளித்த வழக்கு அது. அதிபர் அதிகாரத்தைப் பற்றி எழுதும் எவரும் முதலில் கடக்க வேண்டிய தீர்ப்பு. மெமோவின் வரைவை எழுதியதில் முக்கியப் பங்கு அதே அலுவலகத்தில் இருந்த ஜான் யூவுக்கு. அவர் அரசியலமைப்புச் சட்டப் பேராசிரியர். என் விடையின் முதல் பத்தியே இதுதான்.

அடுத்து, இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதைத் தேடுங்கள். உறுப்புச் செயலிழப்புக்கோ மரணத்துக்கோ நிகரான வலி இருந்தால்தான் உடல்ரீதியான சித்திரவதை என்ற அளவுகோல், அவசர சிகிச்சை தொடர்பான மருத்துவப் பயன் சட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டது!

தேதிகள் (இவை போதும்):
- 2002 பிப்ரவரி 7: அல்-கொய்தாவுடனான மோதலுக்கு ஜெனீவா உடன்படிக்கைகள் பொருந்தாது என்ற புஷ்ஷின் முடிவு.
- 2002 ஆகஸ்ட் 1: ஒன்றல்ல, இரண்டு மெமோக்கள். வெள்ளை மாளிகை வழக்கறிஞர் கொன்சாலஸுக்குச் சட்ட விளக்கம், சி.ஐ.ஏ.வின் சட்ட அதிகாரி ரிஸ்ஸோவுக்கு, பிடிபட்டிருந்த அபு சுபைதா என்ற கைதி மீதான பத்து முறைகள்.
- 2003 மார்ச் 14: பாதுகாப்புத் துறைக்கு யூ எழுதியது.
- 2004 ஜூன்: முதல் மெமோவை, பைபீக்குப் பின் அந்த அலுவலகத்தின் தலைவரான கோல்ட்ஸ்மித் விலக்கிக்கொண்டது.
- 2004 டிசம்பர் 30: அதே அலுவலகத்தின் லெவின் எழுதிய மாற்று மெமோ.
- 2005 மே: அதே அலுவலகத்தின் பிராட்பரி சி.ஐ.ஏ. முறைகளை மீண்டும் அனுமதித்த மூன்று மெமோக்கள்.
- 2009 ஜனவரி 22: அந்த மெமோக்களை இனி நம்பக் கூடாது என்ற ஒபாமாவின் ஆணை.

2004 உடன் கதை முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். லெவின் மெமோவின் 8ஆவது அடிக்குறிப்பைப் பாருங்கள். முந்தைய மெமோக்கள் ஆராய்ந்த முறைகளைப் பற்றிய முடிவுகள் புதிய விளக்கத்தின் கீழும் மாறியிருக்காது என்கிறது. மேலே கண்டித்துவிட்டுக் கீழே பொடி எழுத்தில் அனுமதி. அடிக்குறிப்பு படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் வேறு கேள்வியை எடுப்பது நல்லது.

ரிஸ்ஸோவுக்குப் போன மெமோவிலிருந்து ஒரு விவரமாவது வேண்டும். கைதியைச் சுவரில் மோதும் முறைக்கு, வளைந்து கொடுக்கும் பொய்ச்சுவர் ஒன்று. கழுத்து வெட்டி இழுக்காமல் இருக்கச் சுருட்டிய துண்டு ஒன்று. முகத்தில் துணியிட்டு நீர் ஊற்றும்போது மூச்சைத் தடுப்பது 20 முதல் 40 விநாடி. இதை அப்படியே எழுதிவிட்டு நகர்ந்தேன். எனக்கு ஆவேசமாக எழுத வராது. வருகிறவர்களும் இந்தத் தாளில் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டுக்கு இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தின் 1999 தீர்ப்பு கட்டாயம். தவிர்க்க முடியாத நிலை என்பதை ஒரு விசாரணையாளர் பின்னால் தன் வழக்கில் எதிர்வாதமாக வைக்கலாம், ஆனால் அதைக் காட்டி முன்கூட்டியே அதிகாரம் பெற முடியாது என்றது அது. பைபீ மெமோ அதே எதிர்வாதத்தை முன்கூட்டியே கையில் கொடுக்கிறது. இந்த ஒப்பீட்டுக்குத் தாராளமாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

பைபீ பிறகு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியானதும், 2010இல் நீதித் துறை மூத்த அதிகாரி மார்கோலிஸ், பைபீ, யூ இருவர் மீதும் தொழில்முறை ஒழுங்கீனம் என்ற முடிவை ஏற்காமல், மோசமான தீர்மானம் என்பதோடு நிறுத்திக்கொண்டதும் இரண்டு வரி. இந்தியா 1997இல் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி செய்யாததைக் கேள்வி கேட்டால் மட்டும் சேருங்கள்.