சக்கை

"ரெண்டு நாளா லாஸ் இறங்கவே மாட்டேங்குதுண்ணா" என்றான் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, டீக்கடையில்.

உதாரணங்களிலிருந்து தானே கற்கும் புரோகிராமான நியூரல் நெட்வொர்க் ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தான். லாஸ் என்பது அது செய்யும் தவறின் அளவு; கற்கக் கற்க இறங்க வேண்டும்.

கற்கும் வேகமான லேர்னிங் ரேட்டைக் குறைத்தானாம். நெட்வொர்க்கின் அடுக்குகளான லேயர்களைக் கூட்டினானாம். ஏஐ சொன்னதையெல்லாம் செய்தானாம்.

போனில் புரோகிராமைக் காட்டினான். பழைய கணக்கைத் துடைக்கும் ஜீரோ கிராட் வரியே இல்லை.

நெட்வொர்க் கட்ட உதவும் மென்பொருளான பைடார்ச், ஒவ்வொரு சுற்றிலும் வரும் கிரேடியன்ட்டை, அதாவது எதை எந்தப் பக்கம் எவ்வளவு திருத்த வேண்டும் என்ற கணக்கை, முந்தையதோடு கூட்டிக்கொண்டே போகும். நாம்தான் துடைக்க வேண்டும். மறந்தால் எரர் எதுவும் வராது.

டீ மாஸ்டர் வடிகட்டியை உதறிச் சக்கையைக் கொட்டினார்.

"இதத்தாண்டா நீ செய்யல."

சிரித்துவிட்டான்.

செமிகோலனை விட்டால் கூப்பாடு போடும் பழைய பிழைகள் எவ்வளவோ தேவலை. நியூரல் நெட்வொர்க் பிழையோடும் அதுபாட்டுக்கு ஓடுகிறது. சில சமயம் கொஞ்சம் கற்கவும் செய்கிறது, அதுதான் கொடுமை.

டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.