முரப்பா அரண்மனை

ரியாத் வந்து நாலு வருசம் ஆச்சு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த மண் சுவரைப் பார்த்துவிட்டு "அப்புறம் போகலாம்"னு விட்டது. நேற்றுதான் உள்ளே போனேன்.

முரப்பா என்றால் அரபியில் சதுரம். சவூதி அரேபியாவை நிறுவிய மன்னர் அப்துல் அஜீஸ் 1930களின் பிற்பாதியில் பழைய நகரத்தின் மதிலுக்கு வெளியே கட்டியது. 1953இல் இறக்கும் வரை இதுதான் அவர் அரண்மனை. எண்ணெய்ப் பணம் வந்து குவிவதற்கு முந்தைய ராஜா வீடு, அதனால் தங்கமும் பளிங்கும் தேடாதீர்கள்.

வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த மண்கல்தான் சுவர், கை நீட்டினால் முழங்கை வரை போகும் கனம். அண்ணாந்து பார்த்தால் வரிசையாக அதல் என்ற பாலைவன மரத்தின் கட்டைகள், மேலே பேரீச்சை ஓலை, அதன்மேல் மண். வெளிப்பக்கச் சுவரில் சின்னச் சின்ன முக்கோண ஓட்டைகள், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். நடுவில் முற்றம், சுற்றிலும் இரண்டு மாடி அறைகள். அறைகள் முற்றத்தைத்தான் பார்க்கின்றன. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீடு!

வெளியே அடித்த வெயிலுக்கு உள்ளே நுழைந்ததும் உடம்பு ஆறிப்போச்சு. ஏசியும் ஓடுகிறது, மறைக்கவில்லை. ஆனாலும் பாதி வேலை அந்தச் சுவருடையதுதான்.

1946இல் சர்ச்சில் பரிசாகத் தந்த ரோல்ஸ் ராய்ஸும் இங்கே நிற்கிறது. கூட்டமெல்லாம் அதைச் சுற்றித்தான். நான் கூரையைத்தான் போட்டோ எடுத்தேன், பதினேழு.