ஓடிடியில் மேட்ச்: சிக்கல் வீடியோவில் மட்டும் இல்லை

படம், சீரியல் என்றால் ஃபைலை முன்கூட்டியே உள்ளூர் இணைய நிறுவனத்தின் சர்வரில் இறக்கி வைத்துவிடலாம். மேட்ச் நேரலை என்பதால் நடக்க நடக்கத் துண்டு துண்டாகத்தான் அனுப்ப முடியும். துண்டு 6 விநாடி, பிளேயர் 3 துண்டு சேர்த்த பிறகே ஓட்டும் என்றால் அதிலேயே 18 விநாடி தாமதம். பக்கத்து வீட்டு கேபிளில் சிக்ஸர் சத்தம் முந்துவது இதனால்தான். துண்டைச் சிறிதாக்கலாம், ஆனால் நெட் லேசாகத் தள்ளாடினாலே சக்கரம் சுற்றும்.

2024 நவம்பரில் மைக் டைசன்–ஜேக் பால் குத்துச்சண்டையின்போது நெட்ஃப்ளிக்ஸில் பலருக்குப் படம் உறைந்தது. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஹாட்ஸ்டார் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேரைத் தாங்கியது. இப்படிக் கூட்டத்தைத் தாங்கிய பழக்கம் இல்லாமல் ஒளிபரப்பு உரிமத்துக்குக் கோடிகளைக் கொட்டுவது வீண் என்பேன்.

விக்கெட் விழுந்ததும் லட்சக்கணக்கானோர் ‘பேக்’ அழுத்தி முகப்புக்கு வருவார்கள். அப்போது படுப்பது வீடியோ அல்ல, முகப்புப் பக்கம். மேட்ச் அன்றைக்கு மட்டும் ஆளுக்கேற்ற பரிந்துரைகளை நிறுத்தி, எல்லாருக்கும் ஒரே முகப்பைக் காட்டுங்கள். கூடுதல் சர்வர்களை டாஸுக்கு முன்பே ஏற்றி வையுங்கள்.