மால்டி-டாஃப் பழகிய கதை

எங்கள் ஆய்வகத்துக்கு மால்டி-டாஃப் கருவி வந்தபோது, இனி பட்டனைத் தட்டினால் பாக்டீரியாவின் பெயர் வந்துவிடும் என்றுதான் பேச்சு. பெயர் வரத்தான் செய்கிறது. ஆனால் பழக நாள் பிடித்தது கருவிக்கு அல்ல, பல்குச்சிக்கு!

கல்ச்சர் தட்டில் ஓரிரவு வளர்ந்த காலனியை, அதாவது பாக்டீரியாத் திட்டை, பல்குச்சி முனையால் தொட்டு, எஃகுத் தட்டில் உள்ள சின்ன வட்டத்துக்குள் தேய்க்க வேண்டும். தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லிசாக. கை என்னவோ அள்ளத்தான் பார்க்கும். தடிமனாகப் பூசினால் ஸ்பெக்ட்ரம், அதாவது கருவி வரையும் புரத எடை வரைபடம், சொதப்பிவிடும். அதன்மேல் லேசர் ஒளியை உறிஞ்சும் மேட்ரிக்ஸ் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர் விட்டுக் காயவிடுவோம். ஈஸ்ட், தடித்த செல்சுவர் உள்ள சில கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா வகைகள் லேசில் மசியாது. அவற்றுக்கு மேட்ரிக்ஸுக்கு முன் 70 சதவீத ஃபார்மிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் ஸ்கோர், அதாவது பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்று கருவி தரும் மதிப்பெண், ஏறும்.

மீதி வேலை கருவியுடையது. லேசர் பட்டதும் புரதங்கள் மின்னேற்றத்தோடு கிளம்பி வெற்றிடக் குழாயில் பறக்கும். லேசானவை முந்தும், கனமானவை பிந்தும். கருவி பார்ப்பது 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை, பெரும்பாலும் ரைபோசோம் புரதங்கள். அந்த வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயரும் ஸ்கோரும் தந்துவிடும். எங்கள் கருவியில் 2.0-க்கு மேல் என்றால் இனம்வரை நம்பலாம், 1.7-க்குக் கீழே வந்தால் மறுபடி பூச வேண்டியதுதான்.

ரிப்போர்ட் கொடுக்கத் தொடங்குமுன் பழைய உயிர்வேதிச் சோதனைகளையும் கூடவே ஓட்டிச் சரிபார்த்தோம். அங்கேதான் சுவாரசியம். சீதபேதி நோயாளியின் மலத்திலிருந்து வந்த, லாக்டோஸை நொதிக்காத வெளிறிய காலனி. கருவியோ 2.3 ஸ்கோரோடு ஈ.கோலை என்றது. சீதபேதி தரும் ஷிகெல்லாவும் ஈ.கோலையும் அவ்வளவு நெருங்கிய உறவு. இந்த முறையில் பிரிப்பது கஷ்டம். குறிப்பிட்ட பாக்டீரியாவை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள் திரவமான ஆன்டிசீரம் வைத்துப் பார்த்தபோது ஷிகெல்லா. நிமோனியா தரும் நிமோகாக்கஸ் என்று வந்தாலும் அப்படியே விடுவதில்லை, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் ஆப்டோசின் தோய்ந்த காகித வட்டு ஒன்று வைத்துவிடுவோம். ஸ்கோர் எவ்வளவு ஏறினாலும் காலனியைக் கண்ணால் பார்த்தவர் சொல்லுக்குத்தான் என் ஓட்டு.

அப்புறம், எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்பதற்கு வழக்கம்போல மறுநாள்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனாலும் பெயர் முன்கூட்டியே தெரிவது சும்மா இல்லை. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று காலையிலேயே போனில் சொன்னால், அதற்கு வேலை செய்யாத செஃப்ட்ரையாக்சோன் ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் அன்றைக்கே மாற்றிவிடுகிறார்.