பச்சை கேட்டுக்கு அந்தப் பக்கம்

நான் கழிப்பறையைத் தேடித்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் இன்னமும் "நீ வேண்டுமென்றேதான் எட்டிப் பார்த்தாய்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்ற பெரிய பூங்காத் தொகுதிக்குப் போய் இரண்டாம் நாள். அதில் மேஜிக் கிங்டம் பூங்காவில், எதிர்கால உலகம் மாதிரி அமைத்த டுமாரோலேண்ட் பகுதி. உச்சி வெயில். மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். கையிலிருந்த வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனோ என்னவோ, ஒரு கட்டடத்தின் ஓரமாக வளைந்ததும் கழிப்பறை வரவில்லை. பாட்டு நின்றுபோனது.

அந்தப் பூங்காவில் எங்கே நடந்தாலும் ஒரு பின்னணி இசை கூடவே வரும். செடிகளுக்கு நடுவில், விளக்குக் கம்பத்தில், எங்கேயாவது ஒரு ஸ்பீக்கர் ஒளிந்திருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. அது தேய்ந்து அடங்கியபோதுதான் இரண்டு நாளாகக் காதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று உறைத்தது. எதிரே மங்கலான பச்சை நிறத்தில் ஒரு பெரிய கேட், ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே வெறும் தார் ரோடு, மஞ்சள் கோடு, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு சின்ன பேட்டரி வண்டி. விண்வெளிக் கப்பலில் வேலை பார்ப்பவள் மாதிரி உடுத்தியிருந்த ஒரு பெண், சுவரில் சாய்ந்து, ஒரு ஷூவைப் பாதி கழற்றி, குதிகாலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. பாவம், எத்தனை மணி நேரமாக நிற்கிறாளோ.

ஐந்து விநாடி இருக்கும். எங்கிருந்தோ ஓர் ஊழியர் வந்து, "எதையாவது தேடுகிறீர்களா?" என்று சிரித்த முகமாகக் கேட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி வழி காட்டினார். அங்கே எல்லோரும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஒற்றை விரலை நீட்டினால் சில நாட்டுக்காரர்களுக்கு மரியாதைக் குறைவாகப் படுமாம். நான் திரும்புவதற்குள் கேட் சாத்தியாயிற்று.

மதியம் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இந்த மாதிரி விஷயங்களைப் பல வருடமாகப் படித்துச் சேர்த்துவைத்திருப்பவர் ஆயிற்றே, பிடித்துக்கொண்டார். அந்தப் பச்சைக்கு 'கோ அவே கிரீன்' என்றே பெயராம், 'கண்ணிலிருந்து ஒழிந்து போ' பச்சை. மறைக்க வேண்டிய கதவு, வேலி, மின்பெட்டி எல்லாவற்றுக்கும் இதைப் பூசிவிடுவார்கள். சாம்பலோடு கலந்த ஒரு செத்த பச்சை. மரங்களுக்கு நடுவே கண் அதில் நிற்காமல் வழுக்கிப் போய்விடுகிறது. ஆனால் ஒருமுறை தெரிந்துவிட்டால் தொலைந்தது. அன்று சாயங்காலம் வரை நானும் மகளும் பச்சைக் கதவுகளாக எண்ணிக்கொண்டு திரிந்தோம். பதினேழு.

அங்கே வேலை செய்பவர்களை ஊழியர் என்று சொல்வதில்லை, 'காஸ்ட் மெம்பர்', அதாவது நடிகர் குழுவில் ஒருவர். யூனிஃபார்ம் கிடையாது, 'காஸ்ட்யூம்', வேட உடை. நாம் நடமாடும் இடம் 'ஆன் ஸ்டேஜ்', மேடை; நான் எட்டிப் பார்த்தது 'பேக் ஸ்டேஜ்', மேடைக்குப் பின்புறம். முதலில் இதெல்லாம் கம்பெனிக்காரர்களின் பகட்டு என்றுதான் நினைத்தேன். அந்தக் குதிகாலைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. நாடகத்தில் உள்ளே போனதும் கிரீடத்தைக் கழற்றி வைக்கும் ராஜாவுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?

அப்புறம் இவர் பேச்சு பூங்காவுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் 1955-இல் திறந்த முதல் பூங்காவில், கௌபாய் வேடத்திலிருந்த ஒருவர் தன் வேலைக்குப் போகும் வழியில் எதிர்காலத்தைக் காட்டும் டுமாரோலேண்ட் வழியாக நடந்துபோனதைப் பார்த்து நிறுவனர் வால்ட் டிஸ்னிக்குச் சங்கடமாகிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். அதனால் ஃப்ளோரிடாவில் கட்டும்போது, வேடம் போட்டவர்கள் யார் கண்ணிலும் படாமல் போய்வர அடியில் ஒரு தெருவே போட்டுவிட்டார்கள். பெயர் யூட்டிலிடார். சுமார் 9 ஏக்கர் பரப்பு. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி பூங்கா திறந்தபோதே அது இருந்தது. அதைப் பார்க்க வால்ட் டிஸ்னி இல்லை, 1966-லேயே இறந்துவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அது சுரங்கமே இல்லை. ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் தரையிலேயே அந்த வழிகளைக் கட்டி, எதிரே ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் பூங்காவை வைத்திருக்கிறார்கள். அந்த ஏரியில்தான் நாங்கள் காலையில் படகில் வந்தோம். அதாவது கோட்டை, கடைத்தெரு என்று நாம் தரையில் நடப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது முதல் மாடி. குப்பைகூட அடியில்தான் போகிறது. ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்பத்தில், குழாய் வழியாக மணிக்கு 60 மைல் வேகத்தில் உறிஞ்சி இழுத்துவிடும். "நம் காலுக்குக் கீழே வாழைப்பழத் தோல் காரைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது" என்றார் மகளிடம். அவள் அன்றைக்குச் சொன்ன எதையும் நம்பவில்லை, இதை மட்டும் நம்பினாள்.

முறையாகப் பார்க்க வேண்டும் என்றால் 'கீஸ் டு தி கிங்டம்' என்று ஒரு சுற்று இருக்கிறது, வழிகாட்டியே கீழே அழைத்துப் போவார். ஆனால் 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, பேக் ஸ்டேஜில் படம் எடுக்கவும் கூடாது. எட்டு வயதுக்காரியை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே போவது? எங்களுக்கு வாய்த்தது தற்செயல்தான்.

அந்தத் தற்செயல் மறுநாள் பீப்பிள்மூவரில் வந்தது. டுமாரோலேண்டின் மேல்தளத்தில் மெல்ல ஊர்ந்து சுற்றிவரும் சின்னத் தொடர்வண்டி அது. கால்வலிக்கு அதைவிட நல்ல மருந்து அந்தப் பூங்காவில் இல்லை. பெட்டியில் எஞ்சின் கிடையாது, பாதையில் பதித்த மின்காந்த மோட்டார்கள்தான் தள்ளிவிடுகின்றன. வழியில் அது ஸ்பேஸ் மவுன்டனுக்குள் புகுந்து வெளியே வரும். 1975-இல் திறந்த ரோலர் கோஸ்டர் அது, உள்ளே கும்மிருட்டு. முதல் நாள் அதில் ஏறி, நட்சத்திரங்களுக்கு நடுவே ஏதோ அதலபாதாளத்தில் விழுகிறோம் என்று கத்தித் தொண்டை கட்டியிருந்தது எனக்கு. இந்த முறை பீப்பிள்மூவர் உள்ளே நுழைந்தபோது எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

என்ன சொல்ல! ஒரு கிடங்கு. முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் இரும்புத் தண்டவாளங்கள், தாங்கு கம்பிகள், இரும்புப் படிக்கட்டுகள். அதலபாதாளம் என்று நான் கத்திய இடம் எது என்று தேடினேன், ஒரு மாடி ஏறி இறங்கும் உயரம்கூட இருக்காது போலத் தெரிந்தது. "மணிக்கு 45 கிலோமீட்டர் அளவுதான் போகும். மிச்ச வேகமெல்லாம் இருட்டு கொடுத்தது" என்றார் இவர். ஆனால் கம்பிகள் தலைக்கு எத்தனை நெருக்கத்தில் போகின்றன என்று வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கு முன்னைவிடப் பயமாகிவிட்டது. மகளுக்கோ உடனே மறுபடி ஏற வேண்டும். அன்று ராத்திரி ஏறினோம். தெரிந்த பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி கத்தினேன்.

பல நாடுகளின் அரங்குகள் இருக்கும் எப்காட் பூங்காவுக்குப் போன நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019-இல் வந்த ஸ்கைலைனர் என்ற தொங்குவண்டியில் போனால், அலங்காரக் கட்டடங்களின் முதுகெல்லாம் மேலிருந்து தெரியும். முன்னால் பாரிஸ், பின்னால் தகரக் கூரையும் ஏசி இயந்திரங்களும். மொராக்கோ அரங்கின் கதை மட்டும் சுவாரசியம். பக்கத்துப் பூங்காவில் இருக்கும் டவர் ஆஃப் டெரர் என்ற கோபுரச் சவாரி 199 அடி உயரம், மறைக்க வழியில்லை. மொராக்கோ அரங்குக்குப் பின்னால் அது தலைகாட்டுகிறது என்பதால், கட்டும்போதே அதன் உச்சியை மொராக்கோ கட்டடம் மாதிரி செய்துவிட்டார்கள். இன்னும் ஓர் அடி கூடியிருந்தால் விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு வைக்க வேண்டி வந்திருக்குமாம்.

கடைசி நாள் பகலில் மேஜிக் கிங்டமில் ஊர்வலம் பார்த்தோம். முன்வரிசை இடமெல்லாம் போய்விட்டதால், மெயின் ஸ்ட்ரீட் முடியும் மூலையில், ஊர்வலம் உள்ளே போகும் கேட் அருகில் ஒதுங்க வேண்டியதாயிற்று. எல்லோரும் வருகிறவர்களைப் பார்த்தார்கள். நாங்கள் மூவரும் போகிறவர்களைப் பார்த்தோம். ஒரு நடனக்காரர் இரண்டு கையையும் வீசி ஆடியபடியே கேட்டைக் கடந்தார். இரண்டடி, மூன்றடி. அப்புறம் கைகள் பொத்தென்று விழுந்தன, தோள் இறங்கியது, முகத்திலிருந்த சிரிப்பு விளக்கை அணைத்ததுபோல் போயிற்று. பக்கத்தில் வந்தவர் ஏதோ சொல்ல, இந்த முறை வேறு மாதிரி சிரித்தார், கோணலாக, பல் தெரியாமல்.

ஊர்வலம் போன தெருவைப் பெருக்க, வெள்ளை உடுப்பில் ஒரு பெரியவர் அதே கேட் வழியாக வெளியே வந்தார். கேட்டின் எல்லைக்கோட்டுக்கு ஓரடி உள்ளேயே ஒரு கணம் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தொப்பியைச் சரிசெய்தார், வந்தார். வந்தவர் நேராக எங்கள் மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்கு வண்டி வந்து நிற்கிறது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இவர் முன்னால் போய்விட்டார். மகளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் ஹோட்டல் அறை வாசலுக்கு உள்ளேயே நிற்கிறாள், தலையில் மாட்டிய மிக்கி எலிக்காதை நேராக்கிக்கொண்டு.

"வாடி, வண்டி நிக்குது!"

"இரும்மா," என்றாள். "இன்னும் வெளியே வரலை."