சைவக்காரன் வாங்கிய வேட்டை லைசன்ஸ்

செப்டம்பர் 2, 2023, சனிக்கிழமை. காலை எட்டரை மணி. ஐம்பது மைல் போய், டெக்சாஸில் ஒரு பொதுத் துப்பாக்கி சுடுதளத்தின் கவுண்டரில் நிற்கிறேன். என் டிரைவிங் லைசன்ஸில் 'லிமிடெட் டெர்ம்' (தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்) என்று இருப்பதைக் கவனித்த ஊழியர், என்ன விசா என்று கேட்டார். இதற்காகவே காத்திருந்தவன் போல வேட்டை லைசன்ஸை எடுத்து நீட்டினேன். மனிதர் நிதானமாகப் படித்தார். தேதி இருந்த இடத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். ஆகஸ்ட் 31, 2023. காலாவதியாகி இரண்டு நாள். ஏதாவது வழி உண்டா என்று நான் வாயைத் திறப்பதற்குள் "நெக்ஸ்ட்" என்று பின்னால் நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் சைவம். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பேன். எனக்கு எதற்கு வேட்டை லைசன்ஸ்?

ஹெச்-1பி (வேலை), ஹெச்-4 (அவர்கள் குடும்பம்), எஃப்-1 (படிப்பு) என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை, ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், நண்பரின் துப்பாக்கியைப் பத்து நிமிடம் வாங்கிச் சுடுவதும் இதில் வரும். விதிவிலக்குகள் சில உண்டு. நம்மைப் போன்ற ஐ.டி. ஆட்களுக்குக் கைகொடுப்பது அதில் ஒன்றுதான்: அமெரிக்காவில் முறையாக வாங்கிய, செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் கையில் இருக்க வேண்டும். வேட்டைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சட்டத்தை மீறினால் 15 ஆண்டு வரை சிறை, நாட்டை விட்டு அனுப்புவதற்கும் அதுவே காரணமாகலாம். இது தெரியாமல் ரேஞ்சில் துப்பாக்கியோடு படம் எடுத்து, அதை இன்ஸ்டாகிராமிலும் போட்டு லைக் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அப்பாவை "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்கப்பா" என்று கூட்டிப் போகிறவர்களும் உண்டு. அப்பாவுக்கும் அதே சட்டம்தான், தயவுசெய்து வேண்டாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. அது எனக்கு இந்த ஜென்மத்தில் வருமா என்பது வேறு கதை.

சரி, இவ்வளவு தெரிந்தவன் தேதியில் எப்படிக் கோட்டை விட்டேன்? மே மாதம் மகளோடு மீன் பிடிக்கப் போக மீன்பிடி லைசன்ஸ் வாங்கியிருந்தேன் (பிடித்ததை எல்லாம் ஏரியிலேயே விட்டாயிற்று). டெக்சாஸ் மீன்பிடி லைசன்ஸில் ஒரு வகை, வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் ஓடும். வேட்டைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. வேட்டை லைசன்ஸை எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு அது முடிந்துபோகும். அடுத்த சீசனுக்கானது ஆகஸ்ட் பாதியில்தான் விற்பனைக்கு வரும். நான் வாங்கியது ஆகஸ்ட் 5. கொடுத்த 25 டாலருக்கு 26 நாள். கடையில் விற்ற பெண்மணி என் சோஷியல் செக்யூரிட்டி எண், உயரம், கண்ணின் நிறம் வரை விசாரித்தார். "பத்து நாள் பொறுத்து வாங்கிக்கொள்ளுங்களேன்" என்று மட்டும் சொல்லத் தோன்றவில்லை. சீட்டில் தேதி கொட்டை எழுத்தில்தான் இருந்தது. படிக்காதது என் தப்புதான், ஆனாலும் வயிற்றெரிச்சல் போகவில்லை.

என்னை அழைத்துப் போனவர் கோயம்புத்தூர்க்காரர், பத்து வயது மூத்தவர், எப்போதோ சிட்டிசன் ஆகிவிட்டவர். துப்பாக்கிகள் அவருடையவை. "விடுங்க தம்பி, இதெல்லாம் ஒரு விசயமா. வெளிய உக்காந்து பாருங்க, நான் ஒரு அரை மணி நேரத்துல வந்தர்றேன்" என்று உள்ளே போனார். ஒன்றேகால் மணி நேரம். வெயிலில், பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில், சத்தத்தைத் தடுக்கக் காதில் மஃப் மாட்டிக்கொண்டு, மடியில் எலுமிச்சைச் சாதம் டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ரேஞ்சிலிருந்து பத்து நிமிடத் தூரத்திலேயே வேட்டை லைசன்ஸ் விற்கும் கடை இருக்கிறது. அன்று கவுண்டரில் இருந்த ஊழியருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் போய் நின்றேன். லேபர் டே விடுமுறை வார இறுதி, போதாக்குறைக்கு புறா சீசன் வேறு செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கியிருந்தது. வரிசை முழுக்கக் காட்டுப்பச்சைச் சட்டைக்காரர்கள். நடுவில் நான், ஆபீஸ் டி-ஷர்ட்டில். புறா சுடப் போகிறீர்களா என்று கேட்டார்கள், இல்லை. வாத்து? இல்லை. மான்? அதுவும் இல்லை. பின்னால் நின்ற தாத்தா ஒருவர், "அப்புறம் எதைத்தான் சுடப் போகிறாய்?" என்று கேட்டார். "காகிதத்தை" என்றேன். வரிசையே சிரித்தது. மிஷின் ஒரு முழ நீளத்துக்கு லைசன்ஸைத் துப்பியது. அதில் பாதி, சுட்ட மானிலும் வான்கோழியிலும் கட்டுவதற்கான டேக்குகள் (அடையாளச் சீட்டுகள்). வேட்டைக்குப் போவதானால் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். காகிதம் சுடுகிறவனுக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். அதே கவுண்டர், அதே மனிதர். லைசன்ஸைப் பார்த்தார், தலையாட்டினார். படிவத்தில் கையெழுத்து, பாதுகாப்பு வீடியோ, லேன் (நின்று சுடும் இடம்) எண் எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

அடுத்த சிக்கல் தோட்டாவில் வந்தது. கோயம்புத்தூர் அண்ணன் கொண்டுவந்திருந்தவை இரண்டு ரைஃபிள்கள்: சின்னத் தோட்டா போடும் பாயிண்ட் 22 ஒன்று, ஏ.ஆர்-15 வகையில் ஒரு ஏ.ஆர். ஏ.ஆருக்கான தோட்டாவை ஆன்லைனில் மலிவாகப் பிடித்திருந்தார். சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துத் தோட்டாவின் முனையில் வைத்தார். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. எஃகு கலந்த தோட்டா பின்னால் இருக்கும் டார்கெட் சட்டங்களைக் கெடுக்கும், எதிலாவது பட்டுத் திரும்பினால் ஆபத்து, பொறி பறந்து காய்ந்த புல்லில் தீயும் பிடிக்கும். அதனால் பல ரேஞ்சுகளில் அதற்கு அனுமதி கிடையாது. "வெளிய பித்தளையாட்டத்தானுங்க இருக்குது" என்று அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மேல்பூச்சுதான் செம்பு, அடியில் எஃகு. பெட்டி முழுவதும் காருக்குத் திரும்பியது. ரேஞ்சிலேயே விற்ற தோட்டா அவர் வாங்கிய விலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிளம்பும் முன் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தை எடுத்து ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாக மாட்டியது என் தப்பால். 'சீஸ் ஃபயர்' (சுடுவதை நிறுத்து) என்று அறிவித்தால் தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பரில் மஞ்சள் பிளாஸ்டிக் கொடியைச் செருகிவிட்டு, தரையில் போட்டிருக்கும் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். டார்கெட் மாற்ற ஆட்கள் முன்னால் போயிருக்கும்போது யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. வீடியோவில் மூன்று முறை சொன்னார்கள். நானும் பின்னால் வந்துதான் நின்றேன். அப்புறம் தண்ணீர் பாட்டில் பெஞ்சில் இருப்பது ஞாபகம் வந்து, இரண்டடி எடுத்து வைத்துக் கையை நீட்டினேன். ரேஞ்ச் ஆபீசர் போட்ட சத்தத்தில் இரண்டு மஃபையும் தாண்டிக் காது அடைத்தது. துப்பாக்கியைத் தொட்டேனா என்பது அவருக்குக் கணக்கே இல்லை, பெஞ்சுக்குப் போனதே குற்றம். இன்னொரு முறை நடந்தால் வெளியே என்றார். நியாயம்தான். முன்னால் ஒரு பத்து வயதுப் பையன் அப்பாவோடு காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர், போன், சாவி எல்லாவற்றையும் முதலிலேயே கோட்டுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. செருப்பு போட்டுப் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டைக் கழுத்தும் ஒட்டினாற்போல இருக்க வேண்டும். பக்கத்து லேன்காரரின் துப்பாக்கியிலிருந்து தெறித்த காலித் தோட்டா ஒன்று நேராக என் காலருக்குள் விழுந்தது. அடுப்பிலிருந்து எடுத்த காசு மாதிரி சூடு. அந்த நேரத்தில் கையில் துப்பாக்கி இருந்தால் துள்ளக் கூடாது. முனை முன்னாலேயே இருக்க வேண்டும், கீழே வைத்துவிட்டுத்தான் உதற வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். தோளுக்குக் கீழே அரைவட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சுட்டது எப்படி என்று கேட்கிறீர்களா? திருச்சியில் கல்லூரி என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைஃபிளில் மண்ணில் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டதோடு சரி. அதற்குப் பிறகு பதினாறு வருடம். இங்கே 25 கெஜத்தில் முதல் ஐந்தும் எங்கே போயின என்றே தெரியவில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விசையை இழுக்காதே, அழுத்து என்று எங்கள் ஹவில்தார் கத்தியது மெல்ல ஞாபகத்துக்கு வந்தது. நான்காவது தாளில் ஐந்தும் ஒரு வடைக்குள் அடங்கின. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்களே தம்பி" என்றார். அவருடைய தாளில் ஒரு தோசை அளவுக்குச் சிதறியிருந்ததை நான் சொல்லிக்காட்டவில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் கையைக் கழுவுங்கள். சும்மா இல்லை, சோப்பு போட்டு, குளிர்ந்த தண்ணீரில், முகத்தையும் சேர்த்து. சுடும்போது ஈயத் தூசி கையிலும் துணியிலும் படியும். வீட்டில் குழந்தை இருந்தால் அன்று போட்ட சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். நான் காரேஜிலேயே உடை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மகள் அதற்குள் மேஜை மேல் இருந்த லைசன்ஸை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயது ஆறு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "அப்பா, மானைச் சுடப் போறீங்களா?"

"இல்லடா."

"அப்புறம் எதுக்கு இது?"

"விசாவுக்கு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவள், அதை அழகாக மடித்து, பாஸ்போர்ட்டுகள் இருக்கும் டிராயரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.