தகரத்தில் மழை பெய்தால் கதை கேட்காது

ஜூன் மாதம் முழுக்க எங்கள் பக்கம் மழை. இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு, நுவரெலியா டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற வேலை, அதனால் போக வர பஸ்ஸிலேயே ஒரு நாளைக்கு இரண்டரை மணித்தியாலம் போய்விடும். பாட்டுக் கேட்டுச் சலித்துப்போய் இந்த முறை ‘பொன்னியின் செல்வன்’ ஒலிநூலைப் போட்டேன். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்கு வாசித்துப் போட்டிருக்கிறார்கள், காசும் இல்லை. ஐந்து பாகம். படிக்கிற காலத்தில் முதல் பாகத்தைப் பாதியில் விட்ட ஆள் நான்.

பிடித்த குரலைத் தேடவே மூன்று நாள் போனது. ஒருவர் செய்தி வாசிப்பதுபோல வாசித்தார். இன்னொருவர் பின்னால் மழைச் சத்தமெல்லாம் சேர்த்திருந்தார் (மழைக்கா எங்களுக்குப் பஞ்சம்?). கடைசியில் ஒரு அக்கா கிடைத்தார். வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி வாசிப்பார், நடுவில் எங்கேயோ நாய் குரைக்கும். அவரையே பிடித்துக்கொண்டேன்.

1950இலிருந்து 1954 வரை வாராவாரம் தொடராக வந்த கதை என்பதால் அத்தியாயம் முடிகிற இடமெல்லாம் ஒரு கொக்கி இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு கிழமை எப்படித்தான் பொறுத்திருந்தார்களோ! எனக்கு நானுஓயா வரும்வரை பொறுப்பதே பெரிய பாடு, ஏனென்றால் லிந்துலை தாண்டினால் என் போனில் சிக்னல் போய்விடும், அக்கா பாதி வார்த்தையில் நின்றுவிடுவார். முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது பத்து நாள் கழித்துத்தான் மண்டையில் ஏறியது.

வந்தியத்தேவன் இலங்கைக்கு வந்து தம்பள்ளைக்குப் போகிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் இப்போதைய தம்புள்ளை. தம்புள்ளை என்றால் எங்களுக்குக் கரட்டும் லீக்ஸும் ஏற்றிய லொறி போகிற ஊர். அங்கே ஒரு வீரன் போகிற கதையை நான் மரக்கறி லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் இருந்து கேட்கிறேன். ஒரு குறையும் உண்டு. தூங்கி விழுந்து எழும்பினால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. புத்தகம் என்றால் இரண்டு பக்கம் திருப்பிப் பார்க்கலாம், இதில் விரலால் இழுத்து இழுத்து ஒரேயடியாக மூன்று அத்தியாயம் பின்னால் போய் விழுவேன். இரண்டாம் பாகம் முடிந்ததோடு நிற்கிறது.

நடுவில் ஒரு மொழிபெயர்ப்புத் துப்பறியும் நாவலும் கேட்டேன். கொலைகாரன் யார் என்பது வாசிக்கிறவரின் குரலிலேயே தெரிந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

வீட்டில் கேட்பது வேறு கதை. எங்கள் காம்பராவுக்கு (லயன் வீட்டு அறை) தகரக் கூரை, மழை இறங்கினால் போனை எவ்வளவு கூட்டி வைத்தாலும் ஒன்றும் விளங்காது. அதனால்தான் ‘எரியும் பனிக்காடு’ புத்தகமாகவே கைக்கு வந்தது, கூட வேலை செய்கிற ஒரு பிள்ளை தந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் படுகிற பாடு.

நான் மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர், இப்போது கண்ணில் புரை விழுந்து எழுத்து மங்கிவிட்டது. “என்ன புள்ள அது, மொகம் இப்படிப் போகுது, சத்தமாத்தான் படியேன்” என்றார். மழை இரைச்சலில் அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்த வேண்டியிருந்தது.

பத்து வரிக்கு ஒரு தடவை நிறுத்துவார். மேஸ்திரி வந்து ஆள் சேர்க்கிற இடத்தில், “மேஸ்திரியா? கங்காணின்னு போடாம?” அங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். “பேரு என்னவா இருந்தா என்ன, ஆள் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு, அவருடைய அம்மாயி எப்படிக் கப்பலேறி வந்தார் என்று ஆரம்பித்தார். அன்றைக்குப் புத்தகம் நாலு பக்கம்தான் நகர்ந்தது. அட்டை கடிக்கிற இடம் வந்தபோது சவுக்காரம் பூசிக்கொண்டு மலைக்குப் போன கதை. காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கிற பிரட்டுக்களம், அரைநாள் சம்பளமான அரைப்பேர், கொழுந்தை மட்டம் பார்த்து எடுக்க வைக்கிற மட்டக்கம்பு எல்லாம் வந்தது. இதில் பாதி சொல் எனக்கே சரியாகத் தெரியாது, நான் தேயிலை நிரையில் நின்று கொழுந்து எடுத்தவள் இல்லையே.

பஸ்ஸில் கேட்கிற அக்காவை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். கருப்பனையும் வள்ளியையும் நான் வேகமாக வாசித்திருந்தால் இரண்டு நாளில் முடித்து அழுதுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். இப்போது பதினாறு நாளாகிறது, இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது. பக்கத்துக் காம்பரா அக்காவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இஞ்சி போட்ட பிளேன்டியோடு வந்து உட்காருகிறார்.

நேற்று மழை விட்டிருந்தது. சரி, மூன்றாம் பாகம் ஆரம்பிக்கலாம் என்று போனை எடுத்தேன். “அந்த ராசா கதை இருக்கட்டும், வள்ளி என்னானா?” என்றார் அம்மா.